மெக்சிகன் வண்டு பார்த்தீனியத்தைக் குறைக்குதான்னு எப்படி அளக்கிறது?

காங்கயம் பக்கம் கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மழைக்கு மொளைச்ச பார்த்தீனியக் களையில, அதைத் தின்னுற மெக்சிகன் வண்டு விட்டிருக்குதுங்க. இலையெல்லாம் சல்லடையாட்டம் இருக்குது, ஆனா செடி குறைஞ்சாப்பல தெரியலை. எதை எண்ணோணும்?

பதில் 1:
இலை ஓட்டையை நம்பாதீங்க, பூவை எண்ணுங்க. 1 மீட்டர் சதுரக் கம்பிச் சட்டம் ஒண்ணு செய்யுங்க. கிளுவை வேலியிலிருந்து நடுக்காடு வரைக்கும் 10 இடத்துல முளைக்குச்சி அடிச்சு, 15 நாளுக்கு ஒருக்கா அதே இடத்துல சட்டத்தை வையுங்க. செடி எத்தனை, 5 செடியோட உயரம், பூ, வண்டு, புழு எல்லாம் குறிக்கோணும். சின்னப் புழு குருத்துக்குள்ளார பதுங்கியிருக்கும், விரல்ல விரிச்சாத்தான் தெரியும். முட்டை இலைக்கு அடியில. கையுறை போடாம தொட்டா அரிப்புதான்.

பதில் 2:
ஒப்பிட வண்டில்லாத இடமும் வேணுமுங்க. 3 சட்ட அளவு இடத்தை வண்டு போகாம கொசுவலையால மூடுங்க. வலை நிழலே செடியை மாத்திரும், அதனால இன்னொரு 3 இடத்துல வண்டு உள்ள போறாப்பல பக்கவாட்டுல திறந்த வலை போடுங்க. முதல் வருசம் நாத்து குறையாது. மண்ணுல பழைய விதை கிடக்குது. பூத்த பொறவு வண்டு தின்னும் பெருசா பிரயோசனமில்லை.

பதில் 3:
மழையில்லாத காய்ச்சல் காலத்துல வண்டு காணோம்னு பயப்படாதீங்க, மண்ணுக்குள்ள உறங்கும். அங்க உழவு ஓட்டாதீங்க. வண்டு சூரியகாந்தி இலையைக் கடிச்சா, இலை மேல பார்த்தீனிய மகரந்தம் படிஞ்சிருக்குதான்னு பாருங்க, அதுதான் வண்டை இழுத்திருக்கும்.