இல்லத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனை: எங்கே தொடங்குவது?

வாவிக்கரை:
வணக்கம். மட்டக்களப்பில் பெண் பிள்ளைகள் இல்லமொன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். இந்த மாதம் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், வயது 7, 11, 14. மூவரும் வெல்லாவெளிப் பக்கம். நீதிமன்றக் கட்டளையும் நன்னடத்தை அலுவலரின் கடிதமும் இருக்கின்றன; கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை எதுவும் இல்லை. ஓ.பி.டி.யில் 'மெடிக்கல்' எடுத்தால் 'தேகநலம் நன்று' என்று ஒரு வரி கிடைக்கும். அது போதாது. முதற் பரிசோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும்? ஊசி போட்டார்களா என்று எப்படி அறிவது? பெரிய பிள்ளைக்கு சில மாதமாக இரவில் படுக்கை நனைகிறதாம்.

கல்லாற்று மிட்வைஃப்:
தங்கச்சி, பரிசோதனைக்கு முன்னம் ஒரு வேலை இருக்கு. பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர் திரும்பிப் போவதற்குள் அவரை இருத்தி வைத்துக் கேளுங்கள். பிறந்த ஆஸ்பத்திரி எது, வலிப்பு, முட்டு (இழுப்பு), ஒவ்வாமை உண்டா, வார்டில் நின்றதா, வீட்டில் யாருக்கும் கசம் (காசநோய்), தலசீமியா (பரம்பரை இரத்த நோய்), நீரிழிவு இருந்ததா, கடைசியாக என்ன மருந்து குடித்தது. அந்த ஆள் படியிறங்கினால் பிறகு இதைச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். இல்லங்களில் அதிகம் தொலைவது இந்தக் கதைதான்.

ஊசி விபரம் அட்டையில் மட்டும் இல்லை. பிள்ளை சிறுவயதில் இருந்த பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃபிடம்) பிறப்பு, தடுப்பூசிப் பதிவேடு இருக்கும். தாயின் பெயர், பிறந்த திகதி, அப்போதைய முகவரி மூன்றையும் எழுதி வெல்லாவெளி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஆளை அனுப்புங்கள். தந்தையின் பெயரை மட்டும் கொண்டுபோனால் தேடுவது சிரமம். பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்கும்போது சுகாதார அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பாருங்கள். அது அந்த ஒரு ஊசிக்கு மட்டும்தான் சாட்சி, மற்ற ஊசிகளும் போட்டாயிற்று என்று எடுக்கக் கூடாது. 7 வயதுக்கு 3 வயதில் போடும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா), 5 வயதில் போடும் டி.டி.யும் (தொண்டைக் கரப்பான், ஏற்பு) போலியோ சொட்டும் கிடைத்ததா என்பது கேள்வி. 11 வயதுக்கு 6ஆம் ஆண்டில் போடும் எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி), ஆறு மாத இடைவெளியில் இரண்டு. 14 வயதுக்கு அதோடு 7ஆம் ஆண்டு ஏ.டி.டி. (பெரிய பிள்ளைகளுக்கான ஏற்பு, தொண்டைக் கரப்பான் ஊசி). பாடசாலை மாறும் பிள்ளைகளுக்கு எச்.பி.வி.யின் இரண்டாவது ஊசிதான் வழக்கமாக விடுபடும், பழைய இடத்தில் முதலாவது, புதிய இடத்தில் 'போட்டாச்சு' என்ற பதில். பதிவு இல்லாவிட்டால் எதை மறுபடி போடுவது என்பதை வைத்திய அதிகாரி தீர்மானிப்பார்.

வார்டு மிஸ்ஸி:
இங்கிலாந்தில் பராமரிப்புக்குள் வரும் பிள்ளையை 20 வேலை நாட்களுக்குள் வைத்தியர் முழுமையாகப் பார்த்துத் திட்டம் எழுத வேண்டும். பிறகு 5 வயதுக்குக் கீழே ஆறு மாதத்துக்கொரு தடவை, அதற்கு மேல் வருடம் ஒரு தடவை. நீங்களும் முதல் மாதத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையை நம்பி இருக்க முடியாது. 200 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளுக்கு மட்டுமே அது நடக்கும். 5ஆம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளை இரண்டு வருடம் காத்திருக்கும்.

உயரமும் நிறையும் நீங்களே எடுக்கலாம், ஆனால் கவனமாக. தராசு சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும், பாயின் மேல் வைத்தால் பிழை காட்டும். உயரத்துக்குச் செருப்பைக் கழற்றி, கொண்டையையும் அவிழ்த்துவிட்டு, குதிகால், பிட்டம், பின்தலை சுவரில் பட நிறுத்துங்கள். 1.40 மீற்றர், 32 கிலோ என்றால் பி.எம்.ஐ. (நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு) 16.3. அதைப் பெரியவர்களின் 18.5ஓடு ஒப்பிட்டு 'மெலிவு' என்று எழுதிவிடுகிறார்கள். 11 வயதுப் பெண் பிள்ளைக்கு 16.3 சாதாரண அளவு. பெண் பிள்ளைகளுக்கான வயதுவாரி வரைபடத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும்.

பார்வைக்கு அட்டையிலிருந்து 6 மீற்றர், ஒவ்வொரு கண்ணாக. மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்து வாசித்துவிடும். 6/12 (மற்றவர்கள் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரில்தான் வாசிக்கிறது) அல்லது அதைவிடக் குறைவென்றால் கண் கிளினிக். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 வயதில் 11.5, 12 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு 12க்குக் கீழே இருந்தால் சோகை. இரும்புக் குளிசை தொடங்கினால் பிளேன்டீயோடு கொடுக்காதீர்கள், தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. மலம் கறுத்துப் போகும் என்று பிள்ளையிடம் முதலே சொல்லி வையுங்கள், பயந்து குளிசையைத் துப்பிவிடுவார்கள்.

படுக்கை நனைவது: 14 வயதில், முன்பு காய்ந்து இருந்த பிள்ளைக்குப் புதிதாகத் தொடங்கியதென்றால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். கிருமித்தொற்று, சீனி இரண்டையும் பாருங்கள். மலச்சிக்கலையும் கேளுங்கள். பயமும் துயரமும் காரணமாகலாம், அதனால் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு கேட்பது தவறில்லை. தண்ணீரை நாள் முழுக்க மறிக்காதீர்கள், படுக்கைக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு குறைத்தால் போதும். மெத்தையில் ரப்பர் சீலை, தலைமாட்டில் மாற்று விரிப்பு, கழிவறை வழியில் விளக்கு. ஈரமான விரிப்பை எல்லோரும் காணும் கொடியில் போட வேண்டாம்.

அக்கரைப்பற்று நலம்:
மிஸ்ஸி சொன்னதோடு தோலைச் சேர்க்கிறேன். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிட்டம் பாருங்கள். இரவில் கூடும் சொறி என்றால் பெரும்பாலும் ஸ்கேபீஸ் (ஒட்டிக்கொள்ளும் சிரங்கு). 5 வீத பெர்மெத்ரின் கிறீமை கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, நகத்தடி உட்படப் பூசி, 8 முதல் 12 மணித்தியாலம் விட்டுக் கழுவி, ஏழாம் நாள் மறுபடி. இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். ஒரே அறையில் படுப்பவர்கள், சமையல் அக்கா, இரவுக் காவல் எல்லோரும் அதே இரவில் பூசாவிட்டால் காசும் மருந்தும் வீண். பூசிய பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கும். அதைக் கண்டு தினமும் பூசினால் தோல் எரிந்து புண்ணாகும்.

பிள்ளை துஷ்பிரயோகம் பற்றி ஏதாவது சொன்னால் நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, நன்னடத்தை அலுவலருக்கு அறிவியுங்கள், சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கும் அழைக்கலாம். உடல் பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை.

அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு: கரையோரம் கல்முனை பிராந்திய சுகாதாரப் பணிமனையின் கீழ் வருகிறது. அம்பாறைக்குக் கடிதம் போட்டால் சுற்றிவரும்.

வாவிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சத்திரசிகிச்சை என்று வந்தால் கையொப்பம் யார்?

கல்லாற்று மிட்வைஃப்:
அதை வார்டு வாசலில் நின்று தேடக் கூடாது. பெற்றோரா, நன்னடத்தை அலுவலரா, இல்லப் பொறுப்பாளரா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போதே அலுவலரிடம் எழுத்தில் வாங்கி, கட்டளைப் பிரதியோடு கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டுங்கள். வார்டில் துணைக்கு நிற்க இரண்டு பேரின் பெயரையும் எழுதி வையுங்கள். வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளை லீவுக்கு வீட்டுக்குப் போனால், நாளைக் கணக்கிட்டு அதற்கு மேலே நாலு நாள் மருந்து கூடக் கொடுத்துவிடுங்கள். பஸ் தவறி, மருந்து நின்று, வலிப்போடு வருவதைத் தடுக்கலாம்.