கழுத்தில் மஞ்சள் ஒட்டிய சிட்டுக்குருவி: தூசியா, வேறு குருவியா?

கிணத்துமேடு:
வணக்கம். அந்தியூர் பக்கம் எங்கள் தோட்டம். மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு, போன வாரம்தான் பாலீஷ் போட்டு முடித்தோம். அந்தத் தூசியில் காக்காய்கூட மஞ்சளாகிவிடும். மறுநாள் கிணற்றோரக் கல்யாண முருங்கையில் ஒரு சிட்டுக்குருவி, கழுத்தில் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தது. தூசிதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் நாலு நாளாக அதே இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அப்படியே இருக்கிறது. தொட்டியில் குளித்த பிறகும் போகவில்லை. கூட வரும் இன்னொன்றுக்கு மஞ்சளே இல்லை. படத்தைச் செயலியில் போட்டால் 'பெண் சிட்டுக்குருவி' என்கிறது. பைனாகுலர் வழியாகக் கைப்பேசியில் எடுத்த படம், கலங்கல்தான். யாராவது சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
தூக்கணாங்குருவி ஆண். மஞ்சள் என்றாலே அதுதான்.

கள்ளிக்காடு:
இல்லைங்க. தூக்கணாங்குருவி ஆணுக்கு மஞ்சள் உச்சந்தலையிலும் நெஞ்சிலும் வரும், முகமும் தொண்டையும் கருத்துவிடும். அந்தக் கோலமும் மழைக்காலம் நெருங்கும்போதுதான். இப்போது மாசி.

தம்பி, மஞ்சளைக் கொஞ்சம் மறந்துவிட்டு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முதுகில் கறுப்புக் கீற்று இருக்கிறதா? அலகு தடியா, மெலிசா? மடித்த இறக்கையின் தோளில் என்ன நிறம்? அப்புறம், தரையில் இறங்கிப் பொறுக்குகிறதா, மரத்திலேயே இருக்கிறதா என்பதும் வேண்டும்.

கிணத்துமேடு:
அண்ணா, இன்று காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு வெறும் சாம்பல் பழுப்பு, ஒரு கீற்றுகூட இல்லை. வாசலில் ராகி பொறுக்க வரும் குருவிகளின் முதுகு கோடுகோடாக இருக்கும், இப்போதுதான் வித்தியாசம் உறைக்கிறது. அலகு கறுப்பு, கொஞ்சம் நீளம், மெலிசு. தோளில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு, அதற்குக் கீழே வெள்ளைக் கோடு இரண்டு. தரைக்கு வரவே இல்லை. முருங்கைப் பூவுக்குள் மூக்கை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது! சிட்டுக்குருவி தேன் குடிக்குமா?

கள்ளிக்காடு:
இது குடிக்கும். மஞ்சள் தொண்டைச் சிட்டு. சந்தேகமே வேண்டாம். கறுத்த அலகு என்றால் இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண், மற்றக் காலத்தில் அலகு பழுப்பாக இருக்கும். கூட வருவது பெண்ணாக இருக்கலாம், அதற்கு மஞ்சள் மங்கல் அல்லது தெரியாது, தோள் திட்டும் வெளுத்திருக்கும். செயலி ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. கலங்கலான படத்தில் இரண்டுமே பழுப்புக் குருவிதான். பதிவு செய்யும்போது பெயரைக் கவனமாகப் போடுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று இன்னொரு பறவை உண்டு, அது கொண்டைக்குருவிக் குடும்பம். நானே ஒருமுறை மாற்றிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கழனிவாசி:
உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம்தான். 1908 வாக்கில் பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவிக்கும் கழுத்தில் இதே மஞ்சள். என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. குருவியோடு அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு அடையாளம் சொன்னதோடு, அலமாரிகளைத் திறந்து பதப்படுத்திய பறவைகளையும் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பெரிய பறவை ஆய்வாளரான சாலிம் அலி.

ஏரிக்கரை:
சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். முதுகைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிணத்துமேடு:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. இரண்டும் வேப்பமரத்துப் பட்ட கொப்பில் ஒரு பொந்துக்குப் போய் எட்டிப் பார்க்கின்றன. அந்தக் கொப்பை விறகுக்கு வெட்ட அப்பா ஆள் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு ஒரு மரப்பெட்டி வைத்தால் வருமா?

கள்ளிக்காடு:
பெட்டியை நம்பிப் பொந்தை வெட்டாதீர்கள். மரப்பொந்துதான் இதற்குப் பிடித்த இடம், கோடைதான் கூடு வைக்கும் காலம். குஞ்சு பறக்கும் வரை கொப்பு இருக்கட்டும். பக்கத்தில் போய்ப் படம் எடுப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிணத்துமேடு:
அப்பாவிடம் சொன்னேன். "பாலீஷ் தூசிடா அது" என்றுதான் இன்னும் சொல்கிறார். ஆனால் வெட்டுக்காரரை ஆடிக்கு அப்புறம் வரச் சொல்லிவிட்டார்.