ஒலிப்பதிவு இல்லாமல் ஒரு நாடகம்

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாடகம் பயிற்றுவிக்கிறேன். வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்கவிட்டு, பிள்ளைகள் அதற்கேற்ப வாயசைப்பதே ஆண்டு விழா நாடகம் என்று பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. மேடையில் தவறு நேராது என்பது உண்மைதான். ஆனால், வாய் திறந்து பேசவே பேசாத பிள்ளை நாடகத்தில் எதைக் கற்கும்?

அண்மையில் எட்டாம் வகுப்பினருடன், எழுதிவைத்த வசனம் ஏதுமின்றி, தாயகம் திரும்பியோரைப் பற்றி ஒரு நாடகம் உருவாக்கினோம். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இலங்கை மலையகத் தோட்டங்களை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் ஊரின் இடைத்தங்கல் முகாமைக் கடந்து நீலகிரிக்கு வந்து, தமிழக அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்ததைத்தான் காட்சிகளாக்கினோம்.

முகாம் அதிகாரியாக நடித்த மாணவன் முதலில் மேசையைத் தட்டி அதட்டினான். அம்மாச்சியின் வேடமேற்ற மாணவி அவனை நிறுத்தி, "அவர் அதட்டவே இல்லையாம். நிமிர்ந்துகூடப் பார்க்காம எழுதிக்கிட்டே பேரைக் கேட்டாராம்" என்றாள். அவன் குனிந்தபடி மறுபடி கேட்டுப் பார்த்தான். அதட்டலைவிட அது கொடுமையாக இருந்ததை வகுப்பே உணர்ந்தது. மறுநாள் அவனாகவே வந்து, "அவ்வளவு நீள வரிசைன்னா அவருக்கும் கை ஓய்ஞ்சிருக்கும்ல சார்?" என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்து விரல்களை நீவிவிடும் ஒரு சிறு அசைவைச் சேர்த்துக்கொண்டான். வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோகும் ஒப்பந்தத்தை அந்தப் பிள்ளை இருபுறமும் நின்று யோசித்திருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது.

விழா நாளில் தகரக் கூரையில் மழை அடித்ததால் பின்வரிசைக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. பெற்றோர் சிலருக்கு மனக்குறைதான். பிள்ளைகள் மேடையில் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையை நான் மதிக்கிறேன். இருந்தாலும், அடுத்த ஆண்டு ஒலிப்பதிவு செய்யலாமே என்று நிர்வாகம் கேட்டபோது, அதற்கு இசையாமல், நான்கு ஒலிவாங்கிகளும் ஒத்திகைக்கென வாரத்தில் இரண்டு பாடவேளைகளும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.