ஷெல் ஸ்கிரிப்டில் கோப்புப் பாதை: எங்கும் ஒரே வடிவமா, எல்லையில் மாற்றமா?

கலப்புவடிவம்:
எங்கள் பில்ட் ஸ்கிரிப்ட், விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் சிக்வின், கிட் பாஷ், டபிள்யூஎஸ்எல் ஆகிய மூன்று சூழல்களிலும் ஓட வேண்டும். விண்டோஸின் சி டிரைவ் முதலாவதில் /சிக்டிரைவ்/சி என்றும், அடுத்ததில் /சி என்றும், கடைசியில் /எம்என்டி/சி என்றும் தெரிவதால், எந்தச் சூழலில் இருக்கிறோம் என்று கண்டறிவதிலேயே பாதி வரிகள் போய்விடுகின்றன. ஆகவே, எங்கும் சி:/ என்று தொடங்கி முன்சாய்கோடு மட்டும் இடும் வடிவத்தையே எழுதிவிடலாம் என்கிறேன். விண்டோஸ் ஏபிஐ அதை ஏற்கிறது. பின்சாய்கோட்டை பாஷ் விழுங்கிவிடும் தொல்லையும் இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

எல்லைக்கோடு:
சாய்கோட்டை விடுங்கள், உங்கள் வடிவத்தில் சிக்கலே முக்காற்புள்ளிதான். நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியில் அதுவே பிரிப்புக் குறி என்பதால், சி:/டூல்ஸ் என்று சேர்த்தால் 'சி' என்றும் '/டூல்ஸ்' என்றும் இரண்டு பதிவுகளாக உடையும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் குனு டார் கட்டளைக்கு சி:/பேக்கப்.டார் என்று கொடுத்துப் பாருங்கள். 'சி' என்ற பெயரில் ஏதோ தொலைக் கணினி இருப்பதாக எண்ணி, அதனுடன் இணைய முடியவில்லை என்று புலம்பும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், எஸ்சிபி இரண்டின் கதையும் அதுவே. டபிள்யூஎஸ்எல்லில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே சி:/அவுட் என்பது வெறும் சார்புப் பாதை. கோப்புறை உருவாக்கும் எம்கேடிர் -பி கட்டளை பிழை எதுவும் காட்டாமல், நிற்கும் இடத்திலேயே 'சி:' என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிவிட்டு வெற்றிகரமாக முடியும். கோப்பு எங்கே போனது என்று மறுநாள் தேட வேண்டியதுதான்.

ஸ்கிரிப்டுக்குள் யூனிக்ஸ் பாதை மட்டும் இருக்கட்டும். விண்டோஸ் நிரலை அழைக்கும் வரியில் மட்டும், பாதையின் வடிவத்தை மாற்றித் தரும் கட்டளைகளான சிக்பாத் (சிக்வினில்) அல்லது டபிள்யூஎஸ்எல்பாத் (டபிள்யூஎஸ்எல்லில்) கொண்டு மாற்றுங்கள். பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது அதைப் பெறும் நிரலே.

கலப்புவடிவம்:
முக்காற்புள்ளி இருந்தாலும் உள்ளூர்க் கோப்பாகவே கொள்ளச் சொல்லும் ஃபோர்ஸ்-லோக்கல் தெரிவு டாருக்கு இருக்கிறது; பாத் மாறியை விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சொல்லும் முறைக்கு விலை உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் தொடங்கப் பயன்படும் ஃபோர்க் அழைப்பு சிக்வினில் உண்மையானதன்று, விண்டோஸின் மேல் போலியாக உருவாக்கப்படுவது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள லூப்பில் ஒவ்வொன்றுக்கும் சிக்பாத்தை அழைத்தால், தொகுப்பதற்கு ஆகும் நேரத்தைவிடப் பாதையை மாற்றுவதற்கு ஆகும் நேரமே அதிகமாகிவிடும்.

பைத்தான்பக்கம்:
இருவரும் ஷெல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? பைத்தான் 3.4 முதல், பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகம் உடன் வருகிறது. அதில் எழுதிவிட்டால் இந்த வழக்கே எழாது.

எல்லைக்கோடு:
எழும், நண்பரே. சிக்வின் ஷெல்லிலிருந்து விண்டோஸ் பைத்தானை அழைத்து /சிக்டிரைவ்/சி/ஒர்க் என்று கொடுத்தால், நடப்பு டிரைவின் வேரில் சிக்டிரைவ் என்ற கோப்புறையைத்தான் பாத்லிப் தேடும். மொழியை மாற்றியதால் எல்லை மறையவில்லை.

கலப்புவடிவம் அவர்களுக்கு: வேகம் பற்றிய உங்கள் கணக்கு சரியானதே. அதனால்தான் சிக்பாத்தில் -எஃப் தெரிவு இருக்கிறது. முழுப் பட்டியலையும் ஒரே அழைப்பில் மாற்றித் தரும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, எதிர்த்திசையில் வரும் பாதைகள். டபிள்யூஎஸ்எல்லில் சிஎம்டியை அழைத்துப் பயனரின் கோப்புறையைக் கேட்டால், விடையின் வாலில், விண்டோஸ் வரிமுடிவில் இடும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் குறி ஒட்டிக்கொண்டு வரும். கட்டளையின் விடையைப் பிடித்துத் தரும் டாலர்-அடைப்புக்குறி முறை கடைசி நியூலைனை நீக்குமே தவிர, இதை நீக்காது. திரையில் எக்கோ செய்து பார்த்தால் பாதை சுத்தமாகவே தெரியும், டபிள்யூஎஸ்எல்பாத்தோ அப்படி ஒரு பாதையே இல்லை என்னும். டிஆர் கட்டளையால் அதைக் களைந்த பிறகே மாறியில் வைக்க வேண்டும். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், இதிலிருந்து உங்களுக்கும் விடுதலை இல்லை.

கலப்புவடிவம்:
கிட் பாஷ் தானாகவே மாற்றித் தருகிறதே, அங்கே உங்கள் கொள்கைக்கு என்ன வேலை? நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனிச் சூழலுக்குள் ஓட்டும் டாக்கருக்கு வேலைக் கோப்புறையாக /ஆப் என்று கொடுத்தால், சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/ஆப் என்று போய்ச் சேர்கிறது. அந்தப் பாதை கன்டெய்னருக்குள் இருப்பது. அதை மாற்றவே கூடாது.

எல்லைக்கோடு:
கேட்காமலே மாற்றுவதன் விளைவு அது. அந்த மாற்றத்தை நிறுத்தும் எம்சிஸ்_நோ_பாத்கான்வ் மாறியை அந்த ஒரு கட்டளையின் முன்னால், அதே வரியில் மட்டும் இடுங்கள். ஸ்கிரிப்டின் தலையில் எக்ஸ்போர்ட் செய்தால், தானியங்கி மாற்றத்தை நம்பியிருக்கும் மற்ற வரிகள் எல்லாம் உடையும்.

கலப்புவடிவம்:
விண்டோஸ் நிரல்கள் படிக்கும் ஜேசான் அமைவுக் கோப்புகளுக்கு மட்டுமாவது என் வடிவத்தை விடமாட்டேன். அங்கே ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிக்க எனக்குப் பொறுமை இல்லை. மேலும், டபிள்யூஎஸ்எல்பாத்தில் உங்கள் -எஃப் தெரிவு கிடையாது. அங்கே லூப்புக்கு என்ன செய்வீர்கள்?

எல்லைக்கோடு:
ஜேசானுக்கு ஆட்சேபணை இல்லை. அதைப் படிப்பது விண்டோஸ் நிரல்தானே, சிக்பாத், டபிள்யூஎஸ்எல்பாத் இரண்டிலும் உள்ள -எம் தெரிவு தருவதும் உங்கள் வடிவமே. லூப்புக்கு: தாய்க் கோப்புறையை லூப்புக்கு வெளியே ஒரே முறை மாற்றி மாறியில் வைத்து, உள்ளே கோப்புப் பெயரை மட்டும் ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் என்பதன் நடுவிலுள்ள இடைவெளி யாரையும் விட்டுவைப்பதில்லை.