அலாய் வீலில் வட்டக் கீறல்: எந்த பிரஷ், எந்த கிளீனர்?

மண்டைக்காடு_வண்டி:
அண்ணன்மாரே, வீடு மண்டைக்காடு, கடலிலிருந்து கூப்பிடு தூரம். வேலை நாகர்கோவிலில். மணவாளக்குறிச்சி வழியாகத்தான் தினமும் போக்குவரத்து. கார் வாங்கி 2 வருடம், முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் அலாய் வீல். போன ஞாயிறு துணி துவைக்கிற பிரஷும் சோப்புப் பொடியும் போட்டுத் தேய்த்தேன். வீலில் அப்பியிருந்த கறுப்புப் பொடி அப்படியே இருக்கிறது. காய்ந்தபின் வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல். ஒரு ஸ்போக்கின் ஓரத்தில், மேலே பூசியிருக்கும் தெளிவான லேக்கருக்கு அடியில், புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடு வேறு. தெரிந்தவர் ஒருவர், "பாத்ரூம் கழுவுகிற ஆசிடைக் கலந்து ஊற்று, ஒரே நிமிடம்" என்கிறார். எனக்குக் கை வரவில்லை.

தக்கலை_பைக்:
ஆசிட் மட்டும் வேண்டாம் தம்பி. பழைய பைக்கில் ஊற்றிப் பார்த்தவன் நான். அழுக்கு போக ஒரே நிமிடம்தான், உண்மை. அலுமினியம் வெளுத்துப் போனதும் அதே நிமிடத்தில்தான்.

மார்த்தாண்டம்_வாட்டர்வாஷ்:
11 வருடம் வண்டி கழுவிப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பழியை முழுக்க பிரஷ் மேல் போடாதீர்கள். மணவாளக்குறிச்சி கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கிறதே, அது இல்மனைட், கார்னெட் என்கிற தாது மணல். கார்னெட் உப்புத்தாளில் ஒட்டுகிற சரக்கு. அது வீலில் இருக்கும்போது பஞ்சை வைத்துத் தேய்த்தாலும் கீறும். எனவே முதலில் வீல் ஆறட்டும். அப்புறம் ஒவ்வொரு ஸ்போக்கின் பின்னாலும் ஹோஸைக் காட்டுங்கள். தரையில் மணல் விழுவது நிற்கும்வரை பிரஷ்ஷை எடுக்கவே கூடாது.

கறுப்புப் பொடி பிரேக்கிலிருந்து வருவது, அதில் இரும்புத் துகள் நிறைய. சூட்டோடு வந்து லேக்கரில் பதிந்துவிடும், சோப்புக்கு மசியாது. அதற்கு அயர்ன் ரிமூவர். லேபிளில் பிஎச் நியூட்ரல், அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று இருக்கவேண்டும். நிழலில் வைத்து அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வழியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பயப்படாதீர்கள். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். கையுறை கட்டாயம், வேறு எதையும் அதோடு கலக்காதீர்கள். வாராவாரம் தேவையில்லை, மற்ற நாளில் கார் ஷாம்பூ போதும்.

வீலின் முகப்புக்கு பிரஷ்ஷே வேண்டாம், மைக்ரோஃபைபர் துணிதான். நட்டுக் குழிக்குப் பன்றி முடி பிரஷ். உட்புறத்துக்குத் துணி சுற்றிய நீள பிரஷ், நடுக்கம்பி எங்கேயும் வெளியே தெரியாததாகப் பார்த்து வாங்குங்கள். முரட்டு நைலான் பிரஷ் டயருக்கு மட்டும். வீலுக்கு வைத்த வாளியும் துணியும் வண்டி பாடிப் பக்கமே போகக்கூடாது. கழுவி முடித்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் மிதியுங்கள். ஈரமான பிரேக் டிஸ்க் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது.

அந்த வெள்ளைக் கோட்டுக்கு கிளீனர் கிடையாது. லேக்கர் விட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து அலுமினியம் அரிக்கிறது. கடைசலில் கொடுத்து மேல்பூச்சை மறுபடி போடவேண்டும், ஒவ்வொரு கடைசலுக்கும் உலோகம் கொஞ்சம் குறையும். பரவாமல் இருக்க அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டு உப்பை இறக்குங்கள்.

குலசேகரம்_எஸ்டேட்:
இவ்வளவு பிரஷ் எதுக்கு? எங்க பக்கம் வெறும் செம்மண். பழைய பனியன் துணியிலேயே நான் காலம் தள்ளுகிறேன்.

மார்த்தாண்டம்_வாட்டர்வாஷ்:
பனியன் நல்லதுதான் அண்ணாச்சி, தையலை மட்டும் வெட்டிவிட்டுத் துடையுங்கள். மணல் சிக்குவதே அந்தத் தையலில்தான்.

மண்டைக்காடு_வண்டி:
இன்று சாயங்காலம் தண்ணீர் மட்டும் விட்டுப் பார்த்தேன். நாலு வீலிலும் சேர்த்து அரைச் சிரட்டை மணல்! காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் ஒட்டவும் செய்கிறது. பன்றி முடி பிரஷ் எங்கே கிடைக்கும்?

மார்த்தாண்டம்_வாட்டர்வாஷ்:
பெயின்ட் கடையில் 1 இன்ச் பிரஷ் கேளுங்கள். முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைக்கு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நட்டுக் குழிக்குள் அதுவே கீறிவிடும்.