ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ப்ளூமிங்டனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் லீவு கிடைத்தால் சிகாகோவுக்குத்தான் கிளம்புகிறார்கள். எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இல்லினாயின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. ஆபிரகாம் லிங்கன் சொந்தமாக வாங்கிய ஒரே வீடு அங்கேதான் இருக்கிறது. 1844-ல் வாங்கி, 1861-ல் ஜனாதிபதியாகப் புறப்படும்வரை குடியிருந்தார். நுழைவுக் கட்டணம் கிடையாது. மகன் ராபர்ட் 1887-ல் வீட்டை மாநில அரசுக்குக் கொடுத்தபோதே, பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாடிப்படியில், வீட்டைச் சுற்றிக் காட்டும் ரேஞ்சர் அம்மா, "கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள், லிங்கன் பிடித்ததும் இதையேதான்" என்றார். அதுவரை வேகமாக நடந்த இளவட்டங்கள்கூடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்!

ஆனாலும் என் ஓட்டு நியூ சேலத்துக்குத்தான். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வடமேற்கே சுமார் 20 மைல். 1831-ல் லிங்கன் வந்த சரக்குப் படகு அந்த ஊர் மில் அணையில் சிக்கிக்கொண்டது. அப்புறம் அங்கேயே வந்து தங்கிவிட்டார். கடை வைத்துக் கடனாளியானார், தபால் பார்த்தார், நிலம் அளந்தார், சட்டம் படித்தார். 1837-ல் அவர் கிளம்பிய சில வருடங்களிலேயே ஊரும் காலி. ஊரை ஒட்டி ஓடும் சாங்கமன் ஆற்றில் நீராவிப் படகு வரும் என்ற கனவு பலிக்கவில்லை. பக்கத்து பீட்டர்ஸ்பர்க் மாவட்டத் தலைமையிடமானது. இன்று பார்ப்பது பெரும்பாலும் 1930-களில் திரும்பக் கட்டியவை. பீப்பாய்ப் பட்டறை மட்டும் அசல். இரவில் அங்கே மரச்சீவல்களை எரித்து அந்த வெளிச்சத்தில் லிங்கன் படிப்பாராம். அந்தக் கால உடையில் இருந்த பெரியவர், நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

பதில்:
நல்ல பதிவு அண்ணா. போகும் வழியில் லிங்கன் என்றே ஓர் ஊர் இருக்கிறதே, விட்டுவிட்டீர்களே! அவர் ஜனாதிபதி ஆவதற்கு முன்பே, 1853-ல் வைத்த பெயர். தர்பூசணிச் சாறு ஊற்றி அவரே பெயர் சூட்டியதாகச் சொல்கிறார்கள். ரயில் நிலையம் அருகே தர்பூசணித் துண்டுக்கு ஒரு சிலை உண்டு. என் மகனுக்கு அதுதான் பிடித்தது. அங்குள்ள போஸ்ட்வில் நீதிமன்றம் நகல்தான். லிங்கன் வாதாடிய அசல் கட்டடத்தை 1929-ல் ஹென்றி ஃபோர்டு வாங்கி மிச்சிகனுக்குக் கொண்டுபோய்விட்டார். பணம் இருந்தால் எதையும் பெயர்க்கலாம் போல.

இன்னொரு பதில்:
லிங்கனோடு நின்றுவிடாதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தெற்கே 100 மைல் போனால் கஹோகியா என்ற பழங்கால நகரம். பழங்குடி மக்கள் சுமந்து கொட்டிய மண்ணாலேயே எழுந்த மேடுகள். பெரியது சுமார் 100 அடி உயரம். கொலம்பஸ் வருமுன்பே இந்த நகரமும் காலியாகிவிட்டது. 1982 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், ஆனாலும் கூட்டமே இருப்பதில்லை. உச்சியிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரத்தின் பெரிய வளைவுச் சின்னம் தெரியும். வெயிலில் போனால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நிழல் கிடையாது.