“ஒண்ணுக்கு வருதா?”ன்னா “இல்லை”ங்குறாங்க, அடுத்த நிமிஷம் டவுசர் ஈரம்

வடவாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் கிராமத்துப் பாலர் வகுப்பு. 3 முதல் 5 வயசு, 18 பிள்ளைங்க. தலைப்புல இருக்குறதுதான் முதல் கேள்வி. அதட்டுறதா, விடுறதா? ரெண்டாவது, தொட்டு, மோந்து பழக இங்க கிடைக்குறதை வெச்சே என்ன செய்யலாம்?

அரசலாறு:
அதட்டவே அதட்டாதீங்க. பிள்ளை பொய் சொல்லலை. விளையாட்டு மும்முரத்துல அடிவயிறு கனக்குறது அதுக்கு உறைக்கலை. “வருதா”ன்னு கேட்டா விளையாட்டு போயிடுமேன்னு “இல்லை”தான் வரும். தொடையை இடுக்குறது, நெளியுறது, குதிகால் மேல குந்துறது, இதைப் பார்த்ததும் “கால் பின்னிக்கிட்டு நிக்குது பாரு. அடிவயித்துல கை வை. இறுக்கமா இருக்கா, மெத்துனு இருக்கா?”ன்னு கேளுங்க. கையை வெச்சதும் பல பிள்ளைங்க தானே ஓடிடும்.

4 வயசுல மூத்திரப்பை சுமார் 180 மில்லிதான் தாங்கும். அதனால 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஈரமாகுதேன்னு தண்ணியைக் குறைச்சா மூத்திரம் கடுத்து எரியும், எரிச்சலுக்குப் பயந்து இன்னும் அடக்கும். மலம் கட்டியிருந்தாலும் குடல் மூத்திரப்பையை அழுத்தும், அதையும் வீட்டுல விசாரிங்க. எரிச்சல், காய்ச்சல் இருந்தாலோ, பழகின பிள்ளை திடீர்னு மறுபடி நனைச்சாலோ டாக்டர்கிட்ட காட்டணும்.

இதே மாதிரி 15 தடவை குதிக்க விட்டு, நெஞ்சுல உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்க. “படபட”ங்குறது அடங்குற வரைக்கும் உட்கார்ந்து கவனிக்கட்டும். இடி இடிச்சுப் பயப்படுறப்போ, நெஞ்சு “படபட”ங்குதுன்னு சொல்ல அந்தச் சொல் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

வெண்ணாறு:
ரெண்டாவதுக்கு நம்ம இரட்டைக்கிளவியே போதும். துணிப்பைக்குள்ள தேங்காய் நாரும் வாழைப்பட்டையும் போட்டு, பார்க்காம தொடச் சொல்லுங்க. முதல்ல தொடட்டும், அப்புறம் சொல் குடுங்க: சொரசொர, வழவழ. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். உரச்சாக்குல பை தைக்காதீங்க.

பிள்ளைங்க கைவிட்டு அளையுற தொட்டியில நெல் கொட்டாதீங்க, சுணை அரிக்கும். புழுங்கலரிசி 2 கிலோ நல்லது, பக்கத்துல ஆள் இருக்கணும். உளுந்து, துவரை மூக்குல போனா ஈரத்துல ஊதிக்கும். ஊக்கால நோண்டாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் விஷம், பக்கத்துலயே வேண்டாம்.

மோந்து பார்க்க, ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாவுல காப்பித்தூள், மரிக்கொழுந்து, பெருங்காயம். மூணுக்கு மேல வேண்டாம், மூக்கு மரத்துடும். கற்பூரம் கூடவே கூடாது, முழுங்கினா வலிப்பு வரும்.

பிள்ளைங்க விடாம கேக்குறது மூணு சட்டி விளையாட்டு. இடது கை வெதுவெதுப்பான தண்ணியில (முழங்கையால தொட்டுப் பார்த்துடுங்க), வலது கை மண்பானைத் தண்ணியில, 30 விநாடி. அப்புறம் ரெண்டையும் நடுச்சட்டிக் குழாய்த் தண்ணிக்குள்ள. ஒரு கை “ஜில்லு”ங்கும், இன்னொண்ணு “சுடுது”ங்கும். ரெண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டே நிக்கும்.

வடவாற்றங்கரை:
நன்றிங்க. ஒரு பையன் மட்டும் ஈர வண்டல்ல விரல் பட்டாலே கத்துறான்.

அரசலாறு:
கையைப் பிடிச்சு அமுக்காதீங்க, பயம் கூடும். மண்ணை பிளாஸ்டிக் கவர்ல இறுக்கக் கட்டி வெளியிலிருந்து பிசையட்டும். சில நாள் கழிச்சு கரண்டி, அப்புறம் ஒரு விரல் நுனி. துடைக்க ஈரத்துணி அவன் கைக்கு எட்டுற இடத்துலயே இருக்கணும். “துடைச்சுக்கலாம்”னு தெரிஞ்சாதான் தொடுவான். சோறு, சட்டை, சத்தம் எல்லாத்துக்கும் இதே பாடுன்னா, அரசு தலைமை மருத்துவமனையில குழந்தை டாக்டர்கிட்ட கேட்டு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (தொடுறது, சாப்பிடுறது, உடுத்துறது மாதிரி அன்றாடக் காரியத்துக்குப் பயிற்சி குடுக்குறவர்) பாருங்க.